முள் அசையக் கூடாது

"கேஸ் ஏத்திடு, போதும்" என்றார் தேசப்பன்.
போன சித்திரையில் ஏற்றினாராம்,
அதற்கு முந்தின சித்திரையிலும்.
கேஸ் என்ன டீசலா அண்ணே, ஓட ஓடத் தீர?
எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றேன்.
பதில் இல்லை.
விமான நிலையச் சவாரி ஒன்று
வியர்த்து வழிந்து இறங்கி
ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனதைச்
செல்போனில் திறந்து காட்டினார்,
டாக்டரிடம் எக்ஸ்ரே நீட்டுவதுபோல.

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து
இரண்டு கார் நீளம் உள்ளே தள்ளி என் கடை.
துறைமுகத்துக்கு நிற்கும் கண்டெய்னர் வரிசை
சில நாள் என் வாசலில்தான் முடியும்.

முதலில் ஃபில்டரை உருவினேன்.
வெள்ளையாய்ப் பிறந்த காகிதம் அது.
நிலக்கரித் தூள், உப்பு, மணலிக் காற்றின் பிசுக்கு,
ஓர் ஈயின் சிறகு,
காசிமேட்டில் நிறுத்திவைத்த ஞாயிற்றுக்கிழமைகள்.
தட்டினால் தரையில் கறுப்பாய் ஒரு சதுரம்.

புளோயருக்குள் எலிக்கூடு.
கடித்துக் கடித்து மெத்தையாக்கிய காகிதம்.
ரிஸ்வான் டார்ச் பிடிக்க
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
ஒரு துண்டில் 'பற்று' என்று இருந்தது.
இன்னொன்றில் கோடுகள், அடியில் ஒரு கூட்டுத்தொகை.
"பொண்ணோட கைடு. பாதிப் பக்கம் காணோம்னு
வூட்டையே கவுத்துப் போட்டா."
முதல்முறையாகச் சிரித்தார்.
"லோகு கார்லதான் படிக்கும்.
வூட்டு மேல ஷீட்டு. ராத்திரி பதினொண்ணுக்கும் கொதிக்குது.
பத்து நிமிசம் ஏசி, அப்புறம் ஆஃப்,
மறுபடி பத்து நிமிசம்.
டீசல் கணக்கு என்னவிட அதுக்குத்தான் தெரியும்."

மிச்சமிருந்த கேஸில் சாயம் கலந்து ஓடவிட்டு
ஊதா விளக்கை அடித்தேன்.
கண்டென்சரின் கீழ் மூலையில்
பச்சையாய் ஒளிர்ந்தது, கடுகளவு.
கடல் காற்று அலுமினியத்தை
அவசரமில்லாமல் தின்கிற இடம்.
இரண்டு சித்திரைகளும்
அந்தக் கடுகு வழியாகத்தான் போயிருக்கின்றன.

புதுக் கண்டென்சர், புது டிரையர்,
எண்ணெய் தொட்டுப் போட்ட பச்சை வளையங்கள்.
பிறகு வேக்குவம்.
நாற்பது நிமிடம் உறுமி
உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் குடித்தது பம்பு.
நீல மீட்டரின் முள்
பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில் போய்ப் படுத்தது.
வால்வை மூடினேன்.

இனி அரைமணி நேரம் செய்ய ஒன்றுமில்லை.
இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்த அரைமணிதான்.
முள் அசையக் கூடாது. அவ்வளவுதான்.
அசைந்தால், தெரு எங்கோ உள்ளே வருகிறது.
தேசப்பன் பழைய டயர்மேல் உட்கார்ந்து
தூண்டில் தக்கையைப் பார்க்கிற முகத்தோடு பார்த்தார்.
தக்கை அசைந்தால் மீன்.
இது அசைந்தால் இன்னோர் ஆறாயிரம்.
தண்ணீர் லாரி வந்தது, குடங்கள் ஓடின.
டீ வந்தது, ஆறியது.
முள் அசையவில்லை.

தராசில் வைத்து நானூற்று எண்பது கிராம்.
அதிகம் ஏற்றினால் குளிர் குறையும்;
சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.
கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது.
வென்ட்டில் செருகிய வெப்பமானியில்
முப்பத்தாறு, இருபது, பதினொன்று,
ஏழு.
தேசப்பன் உள்ளங்கையைக் காட்டினார்,
புறங்கையைக் காட்டினார்,
நெருப்புக்குக் காட்டுவதுபோல.

பாதிப் பணம். மீதி வெள்ளிக்கிழமை.
காலண்டரில் அவர் பெயருக்கு நேரே
'பற்று' என்று எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கு முன்பே ஓர் இரவு
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்க
சந்து வழியாகச் சுற்றினேன்.
விளக்குக் கம்பத்தடியில் அந்தக் கார்.
ஏற்றிய கண்ணாடிகள், உள்ளே சின்ன வெளிச்சம்,
குனிந்த தலை ஒன்று, பாதிக் கைடு.
பணத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே,
வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டே போனேன்.

போகிறபோது காரின் அடியில் மட்டும்
குனிந்து பார்த்தேன்.
அந்தத் தெருவின் காற்றைப் பிழிந்து
புழுதியில் உள்ளங்கை அகல ஈரம்.
ஒரு சொட்டு.
நின்றேன்.
இன்னொரு சொட்டு.